தேரிக்காட்டுப் பயணத்துக்குச் சைக்கிள் தயார் செய்து தரும் தஞ்சைக் கடை

ஆண்டுதோறும் மாசி மாதத்தில், சம்பா அறுவடை முடிந்த கையோடு, எங்கள் குடும்பத்தார் தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கு ஓட்டப் பயிற்சிக்கும் மலைச் சைக்கிள் ஓட்டவும் செல்வது வழக்கம். அதற்கான சைக்கிள்களைத் தஞ்சாவூரில் உள்ள ஒரு பழைய கடையே ஆயத்தம் செய்து தருகிறது.

இரும்பு ஆக்சைடால் சிவந்த அந்த மணலில், நம் டெல்டாவின் வாய்க்கால் கரைகளில் ஓடிப் பழகிய டயர் புதைந்துபோகும். கடைக்கார அண்ணன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அகல டயருக்கு இடமிருக்கிறதா என்று அளந்து பார்த்து, 2.1 அங்குல டயர்களுக்குப் பதிலாக 2.4 அங்குல டயர்களை மாட்டி, ட்யூப்பை நீக்கிவிட்டு உள்ளே துளையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றித் தந்தார். இதனால் காற்றைக் குறைத்து டயரை மணலில் அகலமாகப் படியவிட முடிகிறது. ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும் தொல்லையும் இல்லை. உடைமுள் குத்திய இடத்தில் வெண்ணிறத் திரவம் சிறிது கசிந்து, சக்கரம் சில சுற்றுகள் சுற்றுவதற்குள் தானாகவே அடைத்துக்கொண்டதை என் மகள் குனிந்து பார்த்து வியந்தாள். மணல் ஒட்டாதிருக்கச் சங்கிலிக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு மசகு பூசியதும் அருமையான யோசனை.

கடையில் ஓட்டக் காலணிகளில் தேர்வு குறைவு. சொன்ன நாளில் வண்டி கிடைப்பதில்லை என்பதும், பில்லில் கூலியையும் உதிரிபாக விலையையும் பிரித்து எழுதுவதில்லை என்பதும் அவசியம் திருத்த வேண்டிய குறைகள். சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால், புதிதாக ஊற்றிக்கொள்ளப் பொங்கலுக்கு முன்பே வண்டியைக் கொடுத்துவிடுவது நல்லது.