தங்கமீனுக்கு வைத்தியமா, வலியில்லாத முடிவா?

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுத் தொட்டியில் இதுவரை இரண்டு தங்கமீன்கள் நோயில் படுத்தன. ஒன்று வைத்தியத்தில் பிழைத்தது. மற்றொன்றை நானே கிராம்பு எண்ணெயில் கண்மூட வைத்தேன். இரண்டும் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டாவதை நாலு நாள் தள்ளிப்போட்டதுதான் தவறு.

எந்தப் பக்கம் சாய்வதானாலும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளை அரிக்கும். தங்கமீன் கழிவு நிறைய விடும் ஜாதி. ஃபில்டர் சிறியதாக இருந்தால் அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சு ஏறிவிடும். சிவாஜி நகர்ப் பக்கம் மீன் கடைகளில் சோதனை கிட் கேளுங்கள். அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் தினமும் மாற்றுங்கள். பல மீன்கள் இதிலேயே தேறிவிடும். தண்ணீர் கெட்டிருப்பது தெரியாமல் ஒரு மீனை முடித்துவிட்டால் பிறகு மனசு ஆறாது.

வைத்தியத்துக்கு மசிகிற நோய்கள் உண்டு. ரவை தூவியது போன்ற வெள்ளைப்புள்ளி, துடுப்பு அழுகல், மலச்சிக்கலால் மிதப்பது எல்லாம் அந்த வகை. எங்கள் ஒராண்டா வகைத் தங்கமீன் ஒருநாள் தலைகீழாக மிதந்தது. அதன் உருண்டை உடம்பில் குடலும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைக் கிள்ளிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் நிமிர்ந்துவிட்டது. தலைகீழாக இருந்தபோதும் என் விரலைக் கண்டால் தீனிக்கு வந்தது. பசி இருக்கிறவரை வைத்தியத்தைக் கைவிடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஜலோதரம் வேறு கதை. வயிறு வீங்கி, செதில்கள் விரிந்து, மேலிருந்து பார்த்தால் மீன் அன்னாசிப்பழம் போல இருக்கும். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், அதைச் சிறுநீரகம் வெளியேற்றும். அது பழுதானால் தண்ணீர் உள்ளேயே தேங்கிவிடும். மருந்து கிருமியைக் கொன்றாலும் கெட்டுப்போன சிறுநீரகம் மீள்வது அபூர்வம். நாங்களும் முயன்றோம். தனித் தொட்டி, ஏர் பம்ப், ஒரு கேனுக்கு, அதாவது 20 லிட்டருக்கு, அரைக்கால் தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு இல்லை). இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றே முடிவெடுத்திருக்க வேண்டும். ஏழாம் நாள்வரை அது அடியில் சாய்ந்து மூச்சிரைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உசுரு தானா போகட்டும்டா, நாம எடுக்கக் கூடாது" என்றார் அம்மா. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஏரியில் நீந்தத் திராணியில்லாத மீனைக் கொக்கு கொத்திக்கொண்டு போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் கொக்கு வராது, அதனால் வேதனைதான் நீள்கிறது. சும்மா விடுவதும் நாம் எடுக்கிற முடிவுதான், மூன்றில் அதுதான் கொடியது. அல்சூர் ஏரியில் விட்டுவிடச் சொல்வார்கள். நோயை ஏரிக்குக் கொடுக்காதீர்கள்.

செலவைப் பார்த்தால் உப்பு, பட்டாணி, கிராம்பு எண்ணெய் எல்லாமே மலிவு. இதில் தீர்மானிப்பது பணம் இல்லை. மீன் பார்க்கும் டாக்டர் கிடைப்பதுதான் கஷ்டம். நாங்கள் கேட்ட இரண்டு கிளினிக்குகளிலும் நாய், பூனை மட்டும்தான். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். டாக்டர் கையால் மயக்கமருந்தில் முடிவது எல்லாவற்றையும்விட நல்லது.

வீட்டில் செய்ய நேர்ந்தால், பல்வலிக்கு விற்கிற சுத்தமான கிராம்பு எண்ணெய் போதும். அது தண்ணீரில் தானாகக் கரையாது. மூடிபோட்ட பாட்டிலில் வெதுவெதுப்பான நீருடன் சேர்த்துப் பால்போல ஆகும்வரை குலுக்குங்கள். தொட்டித் தண்ணீரிலேயே சில லிட்டர் எடுத்து, மீனை அதில் விட்டு, முதலில் கொஞ்சமாக ஊற்றுங்கள். அது மயங்கிச் சாய்ந்தபின், லிட்டருக்கு 0.4 மில்லி எண்ணெய் சேருமளவு மீதியையும் ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்றபின் குறைந்தது அரைமணி நேரம் எடுக்கவே கூடாது. தங்கமீன் ஆக்சிஜன் இல்லாதபோது உடம்பிலேயே ஆல்கஹால் உண்டாக்கித் தாக்குப்பிடிக்கும் உயிர், சட்டென்று போகாது. தரையில் போட்டுவிடுவது கொடுமையாவதும் அதனால்தான். ஃப்ரீசரும் வேண்டாம், குளிரைத் தாங்குகிற மீன் மெதுவாகத்தான் சாகும். கழிப்பறையில் உயிரோடு விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது என் வழி இதுதான்: வைத்தியம் தொடங்குகிற அன்றே காலண்டரில் ஐந்தாம் நாளை வட்டமிடுகிறேன். அதற்குள் ஒருவேளையாவது தின்றால் தொடர்வேன். தின்னவும் இல்லை, செதிலும் விரிந்திருக்கிறது என்றால் அந்த நாளைத் தாண்ட மாட்டேன்.

போன மீன் இருந்த தனித் தொட்டியையும் வலையையும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் மறுபடி எடுங்கள். மிச்சமிருக்கும் மீன்களை இரண்டு வாரமாவது தினமும் மேலிருந்து பாருங்கள். செதில் விரிவது பக்கவாட்டில் பார்த்தால் சீக்கிரம் தெரியாது.