மதுரை: மணி பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் கைபேசியில் கடைப் பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு மதுரையில் இறங்குகிறார்கள். பட்டியலில் தப்பு இருக்காது, போகிற நேரத்தில்தான் தப்பு. காலையில் போய்க் கறி தோசை கேட்பார்கள், மூன்று மணிக்கு மெஸ்ஸில் நுழைந்து அயிரை மீன் கேட்பார்கள். இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு.

முதலில் ஊரின் அமைப்பு. மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக விரியும். சித்திரை வீதிகளுக்குள் ஆட்டோ வராது, நடைதான். தீனிக்குப் பேர்போன சிம்மக்கல் கோயிலுக்கு வடக்கே, விளக்குத்தூண் தென்கிழக்கே. வைகைப் பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், தல்லாகுளம்.

காலை இட்லியோடு தொடங்குங்கள். சென்னை, சிங்கப்பூர் வரை கிளை விரித்த முருகன் இட்லிக் கடைக்கு மதுரைதான் பிறந்த வீடு. அதற்காக அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. ஆவி பறக்க ஈட்டுத்துணியிலிருந்து எடுத்துப் போடுகிற எந்தச் சின்னக் கடையும் போதும். இட்லி அடுக்கிய பாத்திரம் மூடியோடு ஓரத்தில் இருந்தால் அடுத்த ஈடு எப்போது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். காபிக்குக் கோரிப்பாளையம் விசாலம், நின்றபடியே குடிக்கிற இடம். ‘சீனி கம்மி’ என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

மதியம் மெஸ். தல்லாகுளத்து அம்மா மெஸ் போன்ற இடங்களுக்கு 12.30 மணிக்கே போய்விடுவது நல்லது, ஞாயிறு என்றால் இன்னும் முன்னால். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது தட்டு விஷயத்தில். சுக்கா, குடல், ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), கோலா உருண்டை என்று கிண்ணம் கிண்ணமாக ஒரு பெரிய தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து நீட்டுவார்கள். சாப்பாட்டோடு வருவதாக நினைத்து நாலைந்தை இறக்கி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. விலை கேட்பதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

அயிரை மீன் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விலையும் அதற்குத்தான் அதிகம். விரல் நீளம்கூட இல்லாத மீன். குடல் எடுக்க முடியாது, முழுசாகவே சமைக்கிறார்கள். கண்மாய்ச் சேற்றில் மேய்ந்த மீன் என்பதால் உயிரோடு பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைப்பார்கள். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, வழுவழுப்புப் போகும்வரை பல தண்ணீர் அலசுவார்கள். இதில் அவசரப்பட்டால் குழம்பு கசக்கும், பல்லில் மண் நறநறக்கும். குழம்பைப் புளியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில்தான் போடுவது. முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். அதனால் இலையில் மீன் உடையாமல் முழுசாகக் கிடந்தால் சமையல்காரர் தொழில் தெரிந்தவர். மழைக்காலத்தில் வரத்து கூடுதல், கோடையில் கிடைத்தாலும் கொஞ்சம்தான்.

மாலை 5 மணிக்கு மேல் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்து, கைவிடாமல் கிண்டிக் காய்ச்சுவது. கிண்டுவது நின்றால் அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடையை எவ்வளவு ஏலக்காய் போட்டும் மறைக்க முடியாது. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டுக் குடியுங்கள், சிலர் கலக்கிறார்கள்.

ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். பிசின் ஓர் இரவு ஊறினால்தான் கண்ணாடிபோல் பூரிக்கும். ஊறல் போதவில்லையென்றால் நடுவில் கடுக்கென்று ஒரு பரல் தட்டுப்படும். நல்ல ஜிகர்தண்டாவின் பால் வெள்ளையாக இருக்காது, சுண்டிச் சுண்டிப் பழுப்பேறியிருக்கும். வெளுத்த பாலில் ரோஸ் எசன்ஸ் ஊற்றித் தருவது அந்தப் பெயருக்கே அவமானம். சாப்பாட்டுக்கு மேல் குடித்தால் வயிறு கனத்துப்போகும். நாலு மணி வெயிலுக்குத்தான் அது சரி.

ராத்திரிதான் கறி தோசை. சிம்மக்கல் கோனார் மெஸ் இதற்குப் பெயர் வாங்கியது. அதே பெயரில் ஊரெங்கும் பலகைகள் இருப்பதால் ஆட்டோக்காரரிடம் சிம்மக்கல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஊத்தப்பக் கனத்துக்கு மாவு, மேலே முட்டை, அது இறுகுவதற்குள் வெந்த கொத்துக்கறி, பிறகு திருப்பிப் போட்டு அழுத்தல். மூன்றும் ஒரே அடையாக ஒட்டியிருக்க வேண்டும். தோசையைச் சுட்டெடுத்துக் கறியை மேலே தூவிக் கொடுத்தால் அது வேறு பண்டம். ஒருவருக்கு ஒன்றே தாராளம். பார்சல் வாங்காதீர்கள், பதினைந்து நிமிடத்தில் ரப்பர்.

புரோட்டாக் கடையில் ‘பிச்சுப் போட்டு’ என்றால் இலையிலேயே பிய்த்துச் சால்னா ஊற்றித் தருவார்கள். பன் புரோட்டா உருண்டு தடித்தது, வீச்சு மெலிந்தது, சிலோன் உள்ளே முட்டையும் கறியும் வைத்து மடித்தது. சால்னாவின் காரம் தொண்டையில் தெரியாது, மறுநாள்தான் தெரியும். பழகாத குழந்தைகளுக்கு வீச்சும் சீனியும் போதும். பிரியாணிக்கு ஆசை என்றால் திண்டுக்கல் 65 கி.மீ.தான்.

காசு விஷயம். தள்ளுவண்டியில் வெளிநாட்டு அட்டை செல்லாது, ஏ.டி.எம். தருவது பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டு, சில்லறையும் கிடைக்காது. 10, 20, 50 நோட்டுகளைப் பெரிய கடையில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாட்டு எண்களிலேயே யூ.பி.ஐ. தொடங்கலாம். ஆனால் அந்த எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும், கிளம்புமுன் சரிபாருங்கள்.

புரட்டாசியில் வந்தால் அசைவக் கடைகளில் கூட்டம் குறைவு. வரிசையில் நிற்காமல் இடம் கிடைக்கும். ஆனால் சமைப்பதும் குறைவு, வகை எல்லாம் இருக்காது.

ஊருக்குக் கொண்டுபோக அல்வாவைவிடக் காய்ந்த பாதாம் பிசினும் பருப்புப்பொடியும் தேவலை. பிரிட்டனுக்குள் இங்கிருந்து பால்கோவா போன்ற பால் பண்டங்களையும் கறி ஊறுகாயையும் விடமாட்டார்கள். ஆஸ்திரேலியா என்றால் உணவு எதுவானாலும் இறங்கும்போது நிரப்பித் தரும் பயணி அட்டையில் குறிப்பிட வேண்டும். சூடான அல்வாவை ரயில் நிலையம் பக்கம் பிரேம விலாஸில் 100 கிராம் வாங்கி, இலையில் நெய் உறைவதற்குள் அங்கேயே நின்று தின்றுவிடுங்கள்.