வெண்கலமா, பித்தளையா, ரெசினா? பெரியப்பா வீட்டுப் பொம்மையை வாளியில் இறக்கிப் பார்த்தோம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ரொம்ப காலமாக ஒரு பொம்மை நிற்கிறது. பெரியப்பா சொல்தா (சிப்பாய்). பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியபோது பெட்டியோடு வந்தது அது. கையில் பறவை ஏந்திய பெண், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, சாக்லேட் நிறம், பாதத்துக்குப் பக்கத்தில் 'மோரோ' என்று கையெழுத்து. எப்போதோ உடைந்து அரக்கு வைத்து ஒட்டியிருந்த சுண்டுவிரல் போன மாதம் மறுபடி கழன்றது. ஒட்ட வேண்டுமென்றால் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டுமே. அங்கே ஆரம்பித்தது வழக்கு.

பெரியம்மா கட்சி வெண்கலம். அண்ணன் ரெசின், அதாவது அச்சில் ஊற்றுகிற செயற்கைப் பிசின் என்றான். பழைய சாமான் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, "பித்தளைங்க, கும்பகோணம் பக்கம் வார்த்தது" என்று ஒரே போடாகப் போட்டார். எனக்குத் துத்தநாகமாக இருக்குமோ என்று சந்தேகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்சில் வீட்டு அலங்காரச் சிலைகளை ஏராளமாகத் துத்தநாகத்தில் வார்த்து, மேலே வெண்கலச் சாயம் ஏற்றி விற்றார்கள். வெண்கலம் வாங்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கான சரக்கு அது.

அடியில் ஒரு கீறல் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலை. பெரியம்மா விடவில்லை. "கீறினா உன் கையை ஒடிச்சிடுவேன்" என்றார். நகைக்கடையில் தங்கம் பார்க்கும் கேரட் மீட்டர் கீறாமலே உலோகத்தைச் சொல்லும், ஆனால் மோதிரம் வைக்கிற அந்தப் பெட்டிக்குள் இவளை எங்கே நுழைப்பது?

ரெசினை முதலில் கழித்துவிடலாம். வெண்கலத் தூள் கலந்த ரெசின் பார்வைக்கு நன்றாகவே ஏமாற்றும், ஆனால் தொட்டால் உலோகத்தின் சில்லிப்பு இருக்காது, எடையும் கையில் நிற்காது. இது காலையில் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது. அண்ணன் அதோடு வாயை மூடிக்கொண்டான். காந்தம் ஒட்டவில்லை, அதனால் வார்ப்பிரும்பும் இல்லை. வெண்கலம், பித்தளை, துத்தநாகம் மூன்றிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் அதற்கு மேல் காந்தத்துக்கு வேலையில்லை.

மிச்சமிருந்த மூன்றையும் பிரித்தது ஒரு வாளித் தண்ணீர். மரப்பீடத்தின் திருகைக் கழற்றிவிட்டு, பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கினேன். வெறுமனே தொங்கவிட்டால் 3.64 கிலோ. தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 3.12. குறைந்தது 520 கிராம், அதாவது அவள் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 3640-ஐ 520-ஆல் வகுத்தால் 7. வெண்கலமென்றால் 8.7 பக்கம் வர வேண்டும், பித்தளைக்கு 8.4 அல்லது 8.5, துத்தநாகத்துக்கு 7.1. தராசு பத்து கிராம் முன்னே பின்னே காட்டினாலும் 7 எங்கேயும் 8.7 ஆகாது. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: உள்ளே கூடாக இருக்கும் பொம்மையைத் தலைகீழாக முக்கிக் காற்றை முழுக்க வெளியேற்றாவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். முதல் தடவை எனக்கு 5 சொச்சம்தான் வந்தது. அண்ணனுக்கு மறுபடி ரெசின் ஆசை வந்துவிட்டது.

வெண்கலத்தையும் பித்தளையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இந்த வாளி போதாது, இரண்டும் அவ்வளவு நெருக்கம். செம்போடு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்த்தால் பித்தளை என்பார்கள், ஆனால் அந்தப் பெயர்களும் அப்படியொன்றும் கறாரானவை அல்ல. வெர்சாய் தோட்டத்துச் சிலைகளை வார்த்த கெல்லர் சகோதரர்களின் கலவையில் செம்பு சுமார் 91 சதவீதம். மிச்சத்தில் வெள்ளீயத்தை விடத் துத்தநாகம்தான் அதிகம். அதையும் வெண்கலம் என்றுதான் சொல்கிறோம்.

வியாபாரி சொன்ன கும்பகோணத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சுவாமிமலை பக்கத்தில்தானே இருக்கிறது. ஆனால் அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே கூடு கிடையாது. இந்த உயரத்துக்குக் கனமாக வார்த்திருந்தால் ஒரு கையால் தூக்கியிருக்க மாட்டேன். எங்கள் பொம்மையோ உள்ளே காலி, சுவரும் மெல்லிசு. துத்தநாகத்தை உலோக அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் மீதியைக் கவிழ்த்துவிடும் முறை ஒன்று உண்டு, அதில் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தராசே வேண்டாம். உப்புக்காற்று பட்டால் செம்புக் கலவையில் பச்சைக் களிம்பு ஏறும், துத்தநாகமோ வெள்ளையாகப் பூத்துப் போகும். பெரியம்மா இத்தனை வருஷமாகப் பறவையின் இறக்கையிடுக்கில் 'பவுடர்' என்று துடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

சரி, செய்தது யார்? கையெழுத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்க்க வேண்டும். மோரோ என்பது ஒரே ஆள் இல்லை, சிற்பிக் குடும்பம். மத்யுரேன் (1822–1912), இப்போலித், ஒகுஸ்ட் மூவரும் அண்ணன் தம்பிகள், எல்லோரும் இந்த மாதிரிப் பெண்களைச் செய்தவர்கள். போதாததற்குக் கையெழுத்து சொல்வது உருவத்தை வடித்தவரைத்தான், வார்த்த பட்டறையை அல்ல. அச்சில் பெயரும் சேர்ந்தே வார்க்கப்படுவதால், பிறகு யார் அச்செடுத்து ஊற்றினாலும் பெயர் கூடவே வரும்.

உயர்ந்த பிரெஞ்சு வெண்கலமென்றால் பட்டறை முத்திரையும் தேட வேண்டும்: பார்பெதியேன், சூஸ் மாதிரி. பெரிய சிலைகளைச் சரியான அளவில் சிறிதாக்கும் இயந்திரம் செய்த அகில் கொலாவோடு பார்பெதியேன் 1838-இல் கூட்டுச் சேர்ந்தார், அந்தச் சிலைகளில் கொலாவின் பெயரும் வட்ட முத்திரையாக இருக்கும். எங்கள் பொம்மையில் அப்படி எதுவும் இல்லை. 1981-இல் பிரான்சு போட்ட ஆணைப்படி, அதற்குப் பின் வந்த நகல்களில் அது நகல் என்று பொறித்திருக்க வேண்டும். அதுவும் இல்லை, ஆனால் பெரியப்பா அதற்கு வெகுமுன்பே கொண்டுவந்துவிட்டார். மோரோ குடும்பத்து மாதிரியை யாரோ ஒரு பட்டறை துத்தநாகத்தில் வார்த்தது, இவ்வளவுதான் நான் எழுதிக் கொடுப்பேன்.

பாரிசில் இருக்கும் அக்கா இதைக் கொண்டுபோகக் கேட்டிருக்கிறாள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் ஆன சிற்பத்தைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் வயது தெரியும்வரை பொம்மை இங்கேதான்.

அப்புறம் விரல். கேஸ் வெல்டிங்காரர் பித்தளைக் கம்பியோடு தயாராக நின்றார். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், பித்தளைக் கம்பி இளகுவதற்குள் கை முழுக்கச் சொட்டியிருக்கும். கீறத்தான் தடை, அரக்கைச் சுரண்டத் தடையில்லை என்று பெரியம்மா இறங்கிவந்தார். சுரண்டியதும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மினுக்கியது உடைந்த இடம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எம்சீல் இருக்கா பாரு" என்றார்.