சமையலறையை மாற்றப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் 4 மாதச் சம்பளம் போயிருக்கிறது.

வீட்டைப் புதுப்பிக்கும் வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக வந்தவர்தான் இந்தச் சமையலறை கான்ட்ராக்டர். மற்றவர்கள் எல்லாம் வந்ததுமே கலர் பட்டியலை நீட்டினார்கள். இவர் மட்டும் "இங்கே தினமும் சமைப்பது யார்?" என்று கேட்டார். அம்மாவைக் கூப்பிட்டு, காய் நறுக்குவது போல நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்தார். 95 செ.மீ. "மேடை முழங்கையைவிட 10, 15 செ.மீ. கீழே இருக்கணும்மா, இல்லாட்டி தோள் வலிக்கும். உங்களுக்கு 82 போதும்" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நானே அம்மாவிடம் தோள் வலிக்கிறதா என்று கேட்டதில்லை. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார். அன்று இரவே 4 மாதச் சம்பளத்தையும் அனுப்பிவிட்டேன்.

வந்து இறங்கியவை ரெடிமேட் பெட்டிகள். மேடை 90 செ.மீ. ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் பக்கத்து டிராயரை இழுக்க முடியாது. சிங்க்குக்கு அடியில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்றாரே, குழாய்க்குத் துளை போட்ட இடத்தில் பார்த்தால் அடுக்கே தெரியவில்லை. எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை. மூன்றாவது வாரமே உப்பிவிட்டது.

போன் செய்தால் முதலில் "பழகிடும் சார்". அப்புறம் "அளவு எடுத்தது நான், ஆர்டர் போட்டது ஆபீஸ்". அப்புறம் "பெட்டியின் காலைக் குறைத்தால் வாரண்டி போய்விடும்". கடைசியில் "அம்மாவுக்கு ஏறி நிற்க ஒரு பலகை போட்டுக் கொடுங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்! செயலிக்காரர்களோ "அறிமுகம் செய்வதோடு எங்கள் வேலை முடிந்தது" என்கிறார்கள். அந்த 82 எந்தத் தாளிலும் இல்லை. கொட்டேஷனில் 'மேடை – ஸ்டாண்டர்ட்' என்று மட்டும் இருக்கிறது. அதைப் படிக்காமல் 4 மாதச் சம்பளத்தைக் கொடுத்தவன் நான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. உயரத்தை செ.மீ.யில் எழுதி வாங்குங்கள். பெட்டியைச் சுவரில் பொருத்தும் முன் நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். பிளைவுட் என்றால் அடுக்கு தெரிகிறதா என்று வெட்டிய விளிம்பைப் பாருங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள், தள்ளுபடியாவது ஒன்றாவது. மற்றதை அப்புறம் எழுதுகிறேன், அம்மா கூப்பிடுகிறார். பலகை ஆடுகிறதாம்.