வீட்டில் கூடு வைக்க: மல்பெரிப் பட்டா, எரிப் பட்டா?

கூட்டிலிருந்து பூச்சி வெளிவருவதை வீட்டிலேயே பார்க்க நினைத்தால், சுலபமானவை இரண்டு: மல்பெரி இலை தின்னும் வழக்கமான பட்டு, ஆமணக்கு தின்னும் எரிப் பட்டு. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் எரியோடு நின்றுவிட்டேன்.

பூச்சி வரும்வரை பெரிய வித்தியாசம் இல்லை. கொசுவலை மூடிய அட்டைப்பெட்டி, தொற்றி ஏறிச் சிறகு விரிக்க ஒரு குச்சி, எறும்பு வராமல் ஸ்டாண்டின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவுதான். வளர்ந்த பூச்சி எதுவும் தின்னாது. மல்பெரிப் பூச்சிக்குப் பறக்கவே வராது. எரி படபடக்கும், தூரம் போகாது. அழகில் எரிதான்: பழுப்புச் சிறகில் வெள்ளைப் பிறை.

சிக்கலே முட்டைக்குப் பிறகுதான். சந்தைக்கு வரும் மல்பெரி வெண்கூடு பெரும்பாலும் பைவோல்டைன் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும்) கலப்பினம். ஒரு பெண்பூச்சி 400, 500 முட்டை இடும். அவை கறுத்து, மாதக்கணக்கில் உறங்கும். முட்டை வித்தகங்களில் (பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில்) அமிலத்தில் நனைத்தோ குளிரில் வைத்தோ எழுப்புவார்கள். நம் அடுக்களையில் ஆகிற காரியமா அது? எரி முட்டை பத்து நாள் வாக்கில் தானாகவே பொரிந்துவிடும்.

அப்புறம் தீனி. மல்பெரிப் புழுவுக்கு மல்பெரி இலைதான் வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் எத்தனை வீட்டில் அது நிற்கிறது? எரிப் புழு ஆமணக்கு இல்லாவிட்டால் மரச்சீனி (மரவள்ளி) இலையும் தின்னும். மரச்சீனிக்கு நம்மூரில் பஞ்சமா! ஆமணக்கில் வளர்ந்தால் கூடு இன்னும் கனமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் போகும். அந்த வாரத்தில் ராத்திரி இலை தீர்ந்தால் கொல்லைக்குப் போய் ஒடித்துவரக்கூடியது எதுவோ, அதுதான் நல்ல இலை. வாழைக்கு மருந்தடிக்கும் இடத்தை ஒட்டிய இலை மட்டும் வேண்டாம். எல்லா முட்டையையும் பொரிக்கவிடவும் வேண்டாம்.

வீட்டில் மல்பெரி நிற்கிறவர்களுக்கு இந்த வாதம் பாதி அடிபட்டுப்போகும், சரி. பேச்சிப்பாறை மலையோரத்தில் காட்டுப் பூச்சிக் கூடு கண்ணில்பட்டால் எடுக்காதீர்கள். பல கூடுகளில் ஒட்டுண்ணிக் குளவிதான் வெளியே வரும்.

எரியை நான் வளர்த்தது வெயில் மாதங்களில். ஐப்பசி அடைமழையில், ஈர இலையைத் துடைத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன்.