கறுப்பு மார்லினா, நீல மார்லினா?

மார்லின் என்பது ஈட்டிபோல நீண்ட மூக்குள்ள பெரிய கடல்மீன். அதில் கறுப்பு, நீலம் என்று பெயரைப் பார்த்து நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போக வேண்டும். உயிரோடு இருக்கும்போது இரண்டின் முதுகும் கருநீலம்; செத்ததும் இரண்டும் மங்கிக் கறுத்துவிடும். இதில் வேடிக்கை, நீல மார்லினின் அறிவியல் பெயர் மக்கைரா நைக்ரிகன்ஸ். நைக்ரிகன்ஸ் என்றால் லத்தீனில் 'கறுத்தது' என்று பொருள்! 1802-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் வைத்த பெயர்.

சரி, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மார்புத் துடுப்பைத் தொட்டுப் பாருங்கள். நீல மார்லினில் அது கதவு சாத்துவதுபோல உடலோடு ஒட்டி மடங்கும். வளர்ந்த கறுப்பு மார்லினில் விமான இறக்கை மாதிரி விறைத்து நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் மடியாது, பலவந்தம் செய்தால் மூட்டுதான் உடையும். முதுகுத் துடுப்பும் உதவும்: கறுப்பில் அதன் முன்பகுதி குட்டை, உடலின் உயரத்தில் பாதிகூட வராது, நீலத்தில் எடுப்பாக உயர்ந்திருக்கும். ஆனால் தூரத்தில் இருந்து உயரத்தை மதிப்பிடுவதில் கண் தவறும். என் ஓட்டு மார்புத் துடுப்புக்கே.

பக்கக்கோடும், அதாவது மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் உணர்வுக் கோடும், வேறுதான். கறுப்பில் ஒற்றை இழை, நீலத்தில் வலைப்பின்னல். என்ன பயன், பெரிய மீனில் அது தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது.

ரொம்ப காலம் இரண்டையும் மக்கைரா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணுத் தரவுகள் வேறு உறவைக் காட்டியதால், 2006-ல் வந்த மறுவகைப்பாட்டில் கறுப்பு மார்லின் இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா ஆனது. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. நீலத்தின் கதை நேர்மாறு. பக்கக்கோட்டுப் பின்னல் கொஞ்சம் மாறுகிறது என்று இந்திய, பசிபிக் கடல்களின் நீல மார்லினை மக்கைரா மசாரா என்று தனி இனமாக்கியிருந்தார்கள். மரபணு அதை ஆதரிக்கவில்லை. இப்போது பெரும்பாலோர் ஒரே இனமாகவே கொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கண்ணுக்கே தெரியாத கோட்டை நம்பி ஓர் இனத்தை எப்படிப் பிரிப்பது?

இருப்பிடத்தில் குழப்பம் குறைவு. கறுப்பு இந்திய, பசிபிக் கடல்களுக்கு உரியது. கரையோரப் பவளத்திட்டுகள் பக்கமும் வரும். நீலம் அட்லாண்டிக்கிலும் உண்டு, கரைக்கு அப்பாலுள்ள திறந்த கடலை விட்டு அதிகம் வராது.

எடையில்? தூண்டில் சாதனை கறுப்புக்கு: 1953-ல் பெருவின் கபோ பிளாங்கோவில் 707 கிலோ. நீலத்துக்கு 1992-ல் பிரேசிலின் விட்டோரியாவில் 636 கிலோ. இந்த அளவுக்கு வளர்வதெல்லாம் பெண் மீன்தான். ஆண் நீல மார்லின் 160 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம்.