கார் சர்வீஸுக்கு ஸ்டிக்கர் 3,000 மைல், விளக்கு 5,000, புத்தகம் 10,000: யார் சொல்வதைக் கேட்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் டல்லாஸிலிருந்து அண்ணன் மகன் அழைத்தான். அமெரிக்கா வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பழைய 2014 டொயோட்டா கேம்ரி ஒன்று வாங்கியிருக்கிறான். குரலில் பதற்றம்.

“சித்தப்பா, டேஷ்போர்டுல ஆரஞ்சு கலர்ல ஒண்ணு எரியுது. வண்டிய ஓரங்கட்டிட்டேன். டோ ட்ரக் கூப்பிடணுமா?”

“எஞ்சின் படமா, எழுத்தாப்பா?”

“எழுத்துதான். மெயின்டனன்ஸ் ரெக்வயர்டுன்னு சுருக்கமா இருக்கு.”

“அப்போ ஒண்ணும் இல்ல. நிதானமா வீட்டுக்கு ஓட்டிப் போ.”

முதலில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பில் எண்ணெய்க் குடுவை எரிந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். அந்த நொடியே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ஆரஞ்சில் எஞ்சின் படம் எரிந்தால் ஏதோ கோளாறு இருக்கிறது, சீக்கிரம் காட்ட வேண்டும். அதுவே விட்டுவிட்டு மின்னினால் வண்டியை மேலே ஓட்டாதீர்கள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும். சர்வீஸ் விளக்கு இந்த இரண்டிலும் சேராது. சர்வீஸுக்கு நாள் வந்துவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது.

ஆனால் அவன் அடுத்துக் கேட்டதுதான் நியாயமான கேள்வி. ஆறு வாரம் முன்புதான் ஒரு கடையில் ஆயில் மாற்றியிருக்கிறான். அவர்கள் கண்ணாடியின் மூலையில் ஒட்டிய ஸ்டிக்கர், இன்னும் 3,000 மைலில் வா என்கிறது. விளக்கு இப்போதே எரிகிறது. கையுறைப் பெட்டியில் கிடந்த பராமரிப்புப் புத்தகமோ 10,000 மைல் என்கிறது. மூன்றில் எதை நம்புவது?

ஸ்டிக்கரிலிருந்து தொடங்கலாம். 3,000 மைல் என்பது பழைய மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. அந்த கேம்ரிக்கு ஊற்றுவது 0டபிள்யூ-20 கிரேடு சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த, நீண்ட நாள் தாங்கும் ஆயில். அதை 3,000 மைலில் வடித்துக் கொட்டுவது நல்ல ஆயிலையும் காசையும் வீணாக்குவதுதான். புதிதாக வந்த பிள்ளைகள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வருடத்துக்கு நான்கு முறை போய் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

விளக்கு? டொயோட்டாவின் இந்த விளக்கு வெறும் மைல் எண்ணி. கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து 4,500 மைல் ஆனதும் மின்னத் தொடங்கும். 5,000 ஆனால் நின்று எரியும். ஆயிலை அது பார்ப்பதே இல்லை. நேற்று ஆயில் மாற்றியிருந்தாலும், ரீசெட் செய்ய மறந்திருந்தால் இன்று எரியும். அவன் வண்டியில் நடந்தது அதுதான். சரி, ஆயிலுக்கு 10,000 என்று புத்தகம் சொல்லும்போது விளக்கு ஏன் 5,000-லேயே எரிகிறது? டயர்களை இடம் மாற்ற, பிரேக்கைப் பார்க்க, திரவங்களின் அளவைச் சரிபார்க்க 5,000 மைலுக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள். விளக்கு எரிந்தாலே ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஹோண்டா இதில் ஒரு படி மேலே. எங்கள் வீட்டில் சிஆர்-வி என் மனைவி ஓட்டுவது. அதில் ஆயில் ஆயுள் சதவீதமாகத் தெரியும். எஞ்சின் சுற்று, வெப்பம், ஓட்டும் விதம் எல்லாவற்றையும் வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. 15 சதவீதத்தில் ஸ்பேனர் படம் வரும், 5-ல் உடனே செய் என்று சொல்லும். இங்கே மிச்சிகன் குளிரில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல், கடைக்கு ஒரு மைல் என்று ஓடிய ஒரு குளிர்காலத்தில் அது மளமளவென்று இறங்கி 4,500 மைலுக்குள் 15-ஐத் தொட்டது. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. அடுத்த கோடையில் நெடுஞ்சாலையிலேயே ஓடியபோது அதே வண்டி 7,000 மைலைத் தாண்டியது. டொயோட்டா விளக்குக்கு இந்த இரண்டு ஓட்டமும் ஒன்றுதான். அதனால்தான் விளக்குகளில் என் ஓட்டு ஹோண்டாவுக்கு.

சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும் குறியீட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ‘ஏ’ என்றால் ஆயில். ‘பி’ என்றால் ஆயில், ஃபில்டர், கூடவே பிரேக் முதலான சோதனைகள். அடுத்து வரும் எண்ணில்தான் பெரிய செலவும், அதைத் தவிர்க்கும் வழியும் இருக்கிறது: 1 டயர்களை இடம் மாற்றுவது, 2 ஏர் ஃபில்டர்கள், 3 கியர்பாக்ஸ் ஆயில், 4 ஸ்பார்க் ப்ளக், 5 கூலன்ட். பலர் ‘பி13’ வந்ததைப் பார்த்துவிட்டு, அவசரக் கடையில் ஆயிலை மட்டும் மாற்றி, சதவீதத்தை 100-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அந்த 3 அதோடு அழிந்துபோகிறது. கியர்பாக்ஸ் பழைய ஆயிலோடு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஹோண்டா கணக்குக்கும் ஆயில் அளவு குறைந்தது தெரியாது, தவறான கிரேடு ஊற்றியதும் தெரியாது. அளவைப் பார்க்க டிப்ஸ்டிக்தான், அதாவது எஞ்சினில் செருகியிருக்கும் அளவுக் கம்பி. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். நுனியில் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

புத்தகத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். காலத்தையும் கணக்கில் எடுப்பது அதுதான். 10,000 மைல் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் கேம்ரி வருடத்துக்கு 3,000 மைல்தான் ஓடும். விளக்கு வாயே திறக்காது. ஹோண்டா புத்தகமும், அறிவிப்பு வராவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்று, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரேக் திரவம் மாற்று என்கிறது. பிரேக் திரவம் வண்டி நின்றாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அப்புறம், புழுதிச் சாலை, உறைகுளிரில் குட்டி ஓட்டங்கள், டாக்ஸி ஓட்டம், டெலிவரி என்றால் ஆயிலை 5,000 மைலிலேயே மாற்றச் சொல்லும் பக்கம் டொயோட்டா புத்தகத்தில் தனியாக இருக்கிறது. பழைய வண்டியோடு புத்தகம் வராவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

எங்கே செய்வது என்பது அவரவர் வசதி. டீலரிடம் செய்தால்தான் வாரன்டி நிற்கும் என்பது உண்மையல்ல. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்த விடுவதில்லை. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அன்று போனிலேயே அவனுக்கு ரீசெட் சொல்லிக்கொடுத்தேன். மீட்டரை ட்ரிப் ஏ-யில் வைத்து வண்டியை அணைக்க வேண்டும். ட்ரிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஆன் வரை திருப்ப வேண்டும். பூஜ்யங்கள் வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. “அணைஞ்சிடுச்சு சித்தப்பா!” என்றான். ஆயில் மாற்றியதற்கு ரசீது இருந்ததால்தான் அதைச் சொன்னேன். இல்லாவிட்டால் முதலில் மாற்றிவிட்டு வா என்றிருப்பேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். ஒன்றில் டிப்ஸ்டிக், தேன் நிறத்தில், மேல் அடையாளத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்னொன்றில் கடை ஸ்டிக்கரை உரித்த இடத்தில் அவனே ஒட்டிய துண்டுக் காகிதம்: ஆயில் மாற்றிய தேதி, அன்றைய மைல் 84,310, அதற்குக் கீழே 94,310.